கலைப்புலச் சொற்பொழிவுக்கு வேறு துறைக்காரர் ஏன் போக வேண்டும்?

கேள்வி: ஜூலை 9

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வளாகத்தில் வாரம் தவறாமல் இலக்கியம், வரலாறு, தத்துவம் என்று ஏதாவது ஒரு சொற்பொழிவு. அது இல்லாவிட்டால் இசை நிகழ்ச்சி, நாடகம். போ, போ என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதைவிட அந்தப் பேராசிரியரின் கட்டுரையை எடுத்துப் படித்தால் சீக்கிரம் முடிந்துவிடும். உரைதான் வேண்டும் என்றால் யூடியூபில் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்கலாம். நேரில் போவதால் கூடுதலாக என்ன கிடைக்கிறது? போய்ப் பார்த்தவர்கள் யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள்.

ஜூலை 9, இரவு

எழுதிக் கொண்டுவந்த தாளைத் தலை நிமிராமல் வாசிப்பவர் உரைக்குப் போக வேண்டாம் தம்பி. அதைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

நான் வேதியியல்காரன். கலைப்புலத்தில் எனக்கு எந்தப் பட்டமும் இல்லை. ஆனால் மாணவனாக இருந்த நாளிலிருந்து இந்தக் கூட்டங்களுக்குப் போகிறேன், பிறகு ஏற்பாடு செய்யும் குழுவிலும் இருந்திருக்கிறேன். நான் போவது உரைக்காக மட்டும் இல்லை, உரை முடிந்தபின் வரும் கேள்வி நேரத்துக்காக. அது கட்டுரையில் கிடையாது. காணொளியில் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள்.

ஜூலை 10

"கேள்வி நேரத்தில் அப்படி என்ன நடந்துவிடுகிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஓலைச்சுவடிப் பதிப்பு பற்றிய உரை. சின்ன வகுப்பறைதான். பேசியவர் வயதான அம்மையார். கரும்பலகையில் ஒரு மரம் வரைந்தார்: மேலே மூலச்சுவடி, அதிலிருந்து இரண்டு நகல், அவற்றிலிருந்து மேலும் சில. எந்தச் சுவடி எதிலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சரியாக இருக்கும் இடங்கள் உதவாது, ஏனென்றால் சரியான வாசகம் மூலத்திலிருந்தே எந்த நகலுக்கும் வந்திருக்கலாம். இரண்டு சுவடிகளில் ஒரே பிழை இருந்தால்தான் அவற்றுக்குள் உறவு. பார்த்து எழுதுபவரின் கண், ஒரே சொல்லில் முடியும் இரண்டு அடிகளுக்கு நடுவே தாவும். இடையில் இருப்பது விடுபடும். அதைப் பார்த்து எழுதிய பேரன் பேத்திச் சுவடிகள் எல்லாவற்றிலும் அந்த ஓட்டை தொடரும்.

பின்வரிசையில் உயிரியல் படிக்கும் ஒரு பெண் கை தூக்கினாள். "அதே பிழையை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் செய்திருந்தால்? எங்கள் பாடத்தில் அப்படி நடக்கும். தனித்தனியாக வந்த ஒரே மாற்றம், உறவு இருப்பதுபோல் ஏமாற்றிவிடும். நீங்கள் அதை எப்படிப் பிரிக்கிறீர்கள்?"

அம்மையார் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. மரத்துக்குப் பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தார். ஓலையில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும், ரகரத்தையும் காலையும் பிரித்தறிவது கடினம். ஆகவே அந்த இடங்களில் யார் எழுதினாலும் தடுமாறுவார்கள், அவற்றைச் சான்றாகக் கொள்வதில்லை. ஒரு பாட்டின் நடுவே மூன்று அடி காணாமல் போய், அடுத்த பாட்டின் தொடக்கம் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால், அப்படி ஒன்று இரண்டு முறை தற்செயலாக நடக்காது. அதுதான் சான்று.

அந்தப் பெண் விடவில்லை. "ஒருவர் இரண்டு சுவடிகளை வைத்துக்கொண்டு ஒப்பிட்டு எழுதியிருந்தால் மரமே உடைந்துவிடுமே?" ஆமாம், உடையும், எங்களுக்குப் பெரிய தலைவலியே அதுதான் என்றார் அம்மையார். பாக்டீரியாக்களும் பக்கத்தில் இருக்கும் வேறு இனத்திடமிருந்து மரபணுவை வாங்கிக்கொள்ளும், அங்கேயும் மரம் உடைந்து வலை ஆகிவிடும் என்றாள் அவள். அதற்குப் பிறகு இருவரும் பலகைக்கு முன்னால் நின்றார்கள். மரத்தின் கிளைகளுக்குக் குறுக்கே கோடு போட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் வேலையை மறந்து பார்த்தோம்.

இது அந்த அம்மையாரின் எந்தக் கட்டுரையிலும் கிடையாது. அந்தக் கேள்வி வரும்வரை அவருக்கு அதை அப்படிச் சொல்லவேண்டிய தேவையே வந்திருக்காது.

ஜூலை 10, கொஞ்ச நேரம் கழித்து

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சுவடி ஆய்வும் உயிரியலும் கைகோத்தது எங்கள் வகுப்பறையில் முதன்முதலாக நடந்தது அல்ல. 1998இலேயே ஆங்கிலக் கவிஞர் சாசரின் காண்டர்பரிக் கதைகளின் கையெழுத்துப் பிரதிகளுக்கு, உயிரினங்களின் வம்சாவளியைக் கணிக்கும் கணினி முறையைப் பொருத்திப் பார்த்த கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. இலக்கியக்காரர்களும் உயிர்வேதியியல்காரர்களும் சேர்ந்து எழுதியது. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாரும் அதைச் சொல்லவில்லை. அந்த மாணவி தானாகவே அங்கே வந்து சேர்ந்தாள். எனக்கு அதுதான் பெரிது.

ஜூலை 11

"கேள்வி நேரம் என்றாலே ஒரு பெரியவர் எழுந்து பத்து நிமிடம் தன் சொற்பொழிவை ஆற்றுவார்" என்று எழுதியிருக்கிறார்கள். உண்மை. எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு. "எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து மட்டும்" என்று தொடங்குவார்.

பேச்சாளரால் இதைத் தடுக்க முடியாது. அவர் விருந்தினர். தலைமை தாங்குபவர்தான் தடுக்க வேண்டும். தலைமை என்பது மரியாதைக்காகக் கொடுக்கும் நாற்காலி என்று நினைப்பதால்தான் பாதிக் கூட்டங்கள் கெடுகின்றன. அது வேலை. நல்ல தலைவர் கடிகாரம் பார்ப்பார், குறுக்கிடுவார், "உங்கள் கேள்வி என்ன?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார். முதல் கேள்வியை மாணவருக்குத்தான் கொடுப்பார். இதை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதலில் பேராசிரியர் ஒருவர் எழுந்துவிட்டால் அதற்குப் பிறகு மாணவர் கை மேலே வராது, நான் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது.

இன்னொன்று: உரை முடிந்ததும் நேராகக் கேள்விக்குப் போகாமல், இரண்டு மூன்று நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். கூச்சப்படுபவர்கள் தங்கள் கேள்வியை ஒருவரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள். "இதைக் கேளுங்களேன்" என்று பக்கத்தில் இருப்பவர் தைரியம் சொல்வார். அதற்குப் பிறகு வரும் கேள்விகளின் தரமே வேறு.

ஜூலை 12

கூட்டம் நிரம்பி வழிந்தால் உரை வெற்றி என்று நினைப்பவர்களுக்காகப் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஃபூக்கோவை நினைவுபடுத்துகிறேன். பாரிஸில் உள்ள கொலேஜ் து ஃபிரான்ஸ் என்ற கல்வி நிறுவனம் 1530இல் மன்னர் முதலாம் பிரான்சுவா தொடங்கியது. அங்கே பட்டம் இல்லை, சேர்க்கை இல்லை, கட்டணம் இல்லை, யாரும் உள்ளே போய் உட்காரலாம். ஃபூக்கோ அங்கே 1970 டிசம்பரில் தொடக்கவுரை ஆற்றினார், 1984இல் இறக்கும்வரை பேராசிரியராக இருந்தார். 300 பேர் உட்காரும் அரங்கில் 500 பேர் நெருக்கியடித்தார்கள். மேசை முழுக்க டேப் ரெக்கார்டர்கள். இன்று நாம் புத்தகமாகப் படிக்கும் அவருடைய வகுப்புரைகளில் பெரும்பாலானவை அந்த ஒலிநாடாக்களிலிருந்து எடுத்தவைதான்.

ஆனால் அவர் அதில் மகிழவில்லை. 1976இல் மாலை நேரத்து வகுப்பைக் காலை 9 மணிக்கு மாற்றிப் பார்த்தார், கூட்டம் குறையட்டும் என்று. குறையவில்லை. உரை சரியாக வராத நாளில் ஒரு கேள்வி வந்திருந்தால் எல்லாம் ஒழுங்குக்கு வந்திருக்கும், அந்தக் கேள்வி மட்டும் வருவதே இல்லை என்று அவர் வருந்தியிருக்கிறார். அவ்வளவு கூட்டம் எதிரில் இருந்தால் யார் வாய் திறப்பார்கள்?

ஜூலை 12, இரவு

கொலேஜ் து ஃபிரான்ஸ் மட்டும் அல்ல. லண்டனில் கிரெஷம் கல்லூரி 1597 முதல் இலவசப் பொதுவுரை நடத்துகிறது, மாணவர் என்றே யாரும் கிடையாது. ஸ்காட்லாந்தில் 1887இல் இறந்த நீதிபதி ஆடம் கிஃபோர்டு எழுதிவைத்த உயிலால் எடின்பரோ, கிளாஸ்கோ, செயின்ட் ஆண்ட்ரூஸ், அபர்தீன் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களிலும் கிஃபோர்டு உரைகள் 1888 வாக்கில் தொடங்கின. மாணவராகப் பதிவு செய்யாத யாரும் கேட்கலாம் என்று உயிலிலேயே எழுதியிருக்கிறார். வாயிற்காவலர் அடையாள அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பும் வளாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொதுச் சொற்பொழிவு என்று சுவரொட்டியில் போட்டுவிட்டு வெளியாரைத் தடுப்பது சொன்ன சொல் தவறுவது.

ஜூலை 14

ஒரு விரிவுரையாளர் மனம் நொந்து எழுதியிருக்கிறார்: நல்ல பேச்சாளரை அழைத்தோம், பத்துப் பேர்கூட வரவில்லை, இனி நடத்தவே மனம் வரவில்லை என்று.

நடத்துங்கள். தத்துவ அறிஞர் வைட்ஹெட் 1920களின் இறுதியில் எடின்பரோவில் கிஃபோர்டு உரை ஆற்றினார். முதல் நாள் பெருங்கூட்டம். உரை புரியாமல் ஆள் கழன்று கழன்று கடைசியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள். அந்த உரைகள்தான் இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான தத்துவ நூல்களில் ஒன்றாயின.

மொழியியல் அறிஞர் சொசூர் கதை இன்னும் நெகிழ்ச்சியானது. ஜெனீவாவில் 1907 முதல் 1911 வரை பொது மொழியியலில் மூன்று முறை பாடம் நடத்தினார். சிறு வகுப்புதான். அவர் அதைப் புத்தகமாக எழுதவில்லை. 1913இல் இறந்துபோனார். பாயி, செஷெயே என்று இரண்டு சக ஆசிரியர்கள், அந்த வகுப்புகளில் உட்காராதவர்கள், மாணவர்களின் குறிப்பேடுகளைத் தேடி வாங்கித் தொகுத்து 1916இல் வெளியிட்டார்கள். நவீன மொழியியல் அந்தக் குறிப்பேடுகளின் மேல்தான் எழுந்தது. குறிப்பெடுத்த பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

பத்துப் பேர் வருவார்கள் என்றால் பத்துப் பேர் உட்காரும் அறையில் வையுங்கள். பெரிய அரங்கத்தில் முன்வரிசையை முக்கியஸ்தர்களுக்கு ஒதுக்கிக் காலியாக விட்டு, வந்தவர்களை ஆறாவது வரிசைக்குப் பின்னால் சிதறவிட்டால் நல்ல உரையும் செத்துவிடும்.

ஜூலை 15

கூட்டம் வராததற்குப் பல இடங்களில் கண்டுபிடிக்கும் மருந்து கட்டாய வருகைப்பதிவு. அதைப் பற்றி எனக்கு ஆறாத கோபம் உண்டு.

நான் ஒருமுறை கேட்கப் போன ஓர் உரையில் முதலாமாண்டுப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். வாசலில் கையெழுத்துத் தாள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை என்று ஒவ்வொருவரும் பேசி முடிக்கும்போது நேரத்தில் பாதி போய்விட்டது. அறிமுகம் செய்தவர் பேச்சாளர் வாங்கிய விருதுகளை ஒன்றுவிடாமல் படித்தார். அவர் எதை ஆராய்கிறார் என்று சொல்லவில்லை. பேச்சாளர் நாட்டுப்புறக் கதைகளைப் பல ஆண்டுகள் அலைந்து சேகரித்தவர். கதை சொல்லியே பேசக்கூடியவர். அவர் ஒலிவாங்கியைப் பிடித்து நாலு பக்கம் பேசுவதற்குள் பேருந்து நேரம் வந்துவிட்டது. இரண்டாவது கையெழுத்துத் தாள் சுற்றுக்கு வந்ததும் எல்லாத் தலையும் அந்தத் தாள் பக்கம் திரும்பியது. கேள்வி நேரம் இல்லை. நன்றியுரை மட்டும் முழுதாக நடந்தது. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. கலைப்புல உரை என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்று அன்றைக்கு அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மறுபடி அவர்களை உள்ளே கொண்டுவர எத்தனை ஆண்டு ஆகுமோ.

ஜூலை 16

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒரு மாணவி எழுதியிருக்கிறாள்: "ஐயா, கட்டாயப்படுத்தியதால்தான் நான் முதல் உரைக்குப் போனேன். எங்கள் வீட்டில் நான் முதல் பட்டதாரி. இப்படிப்பட்ட கூட்டங்கள் எனக்கானவை என்றே எனக்குத் தெரியாது. அழைப்பிதழைப் பார்த்தால் வேறு யாருக்கோ என்று தாண்டிப் போயிருப்பேன்."

படித்ததிலிருந்து இதையே அசைபோடுகிறேன். வருகைப்பதிவு வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் "விருப்பம் உள்ளவர்கள் வரட்டும்" என்று கைகழுவிவிடவும் முடியாது. விருப்பம் எல்லோருக்கும் தானாக முளைப்பதில்லை, தயங்கி நிற்பவரை யாராவது கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். எனக்கும் என் ஆய்வக ஆசிரியர்தான் முதலில் "வா, நான் போகிறேன், நீயும் வா" என்றார். அவர் என்னோடு உட்கார்ந்தார். திரும்பி நடக்கும்போது "உனக்கு எது புரியவில்லை?" என்று கேட்டார். சுற்றறிக்கை அனுப்புவதற்கும் இதற்கும் எவ்வளவோ தூரம். ஆசிரியர்கள் தாங்களும் வராமல் மாணவர்களை மட்டும் அனுப்புவதுதான் பிரச்சினையின் வேர் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூலை 19

கேள்வி கேட்ட தம்பி இசை, நாடகம் பற்றியும் சொல்லியிருந்தார், அதை விட்டுவிட்டேன்.

பல வளாகங்களில் சொற்பொழிவு ஒரு குழு, கலைநிகழ்ச்சி இன்னொரு குழு. முதலாவதுக்கு அறிவு, இரண்டாவதுக்குப் பொழுதுபோக்கு என்று பங்கு பிரித்துவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. கிரெஷம் கல்லூரியின் தொடக்ககால விதி ஒன்று உண்டு: இசைப் பேராசிரியர் அரைமணி நேரம் இசையிலக்கணம் பேச வேண்டும், மீதி நேரத்தில் குரலாலோ கருவியாலோ இசைத்துக் காட்ட வேண்டும். முதல் இசைப் பேராசிரியர் ஜான் புல்லுக்கு லத்தீன் வராது, எனவே ஆங்கிலத்திலேயே பேசலாம் என்று அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். நானூறு ஆண்டுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். ஹார்வர்டில் 1973இல் நார்ட்டன் உரைகள் என்ற சொற்பொழிவு வரிசையை ஆற்றிய இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைனும் பியானோவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியபடிதான் பேசினார்.

நம் மொழியில் இதற்கு மிகப்பெரிய உதாரணம் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக வளாகம். 1960களில் அங்கே தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்துகளைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை. விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்குத் தகுந்தபடி சுருக்க வேண்டியிருந்தது. எதை விடுவது, எதை விடக்கூடாது என்ற கேள்வி பிறந்தது. ஆட்டமும் பாட்டும் தெரிந்த அண்ணாவிமாரிடம், அதாவது கூத்து ஆசான்களிடம், படித்த பிள்ளைகள் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மேடையில் ஆடிய மாணவர்களில் ஒருவர் மௌனகுரு. பிற்பாடு கூத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர், தானே பேராசிரியராகிப் பல தலைமுறைகளுக்குக் கூத்துக் கற்பித்தவர். அந்த மாணவர் ஆடியது பொழுதுபோக்கு என்றும், பிறகு எழுதியது ஆராய்ச்சி என்றும் யாரால் கோடு போட முடியும்?

ஜூலை 20

ஒரு நண்பர் கேட்டார்: நாடகத்துக்குப் பிறகும் கேள்வி நேரம் வைக்க வேண்டுமா? வேண்டும். நடித்தவர்கள் ஒப்பனையைக் கலைக்காமலேயே வந்து உட்காரட்டும்.

ஜூலை 23

விவாதம் பற்றி. கேம்பிரிட்ஜில் அறிவியலும் படித்த நாவலாசிரியர் சி.பி. ஸ்நோ 1959 மே 7 அன்று ரீட் உரை என்ற பொதுச் சொற்பொழிவில் அறிவியல்காரரும் இலக்கியக்காரரும் ஒருவருக்கொருவர் புரியாத இரண்டு உலகங்களாகப் பிரிந்துவிட்டார்கள் என்றார். இலக்கியத் திறனாய்வாளர் லீவிஸ் அதற்குக் கடுமையாக மறுப்புச் சொன்னார், எப்போது? 1962இல், வேறொரு சொற்பொழிவில். இன்றுவரை உலகமெங்கும் பேசப்படும் விவாதம், ஆனால் இருவரும் ஒரே மேடையில் நின்று பேசியது அல்ல.

நம்மிடம் அதற்கு முன்பே, 1943 பிப்ரவரியில், சென்னைச் சட்டக்கல்லூரி மண்டபத்தில் கம்பராமாயணம் பற்றி அண்ணாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ரா.பி. சேதுப்பிள்ளையும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். அடுத்த மாதம் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியும். யார் பக்கம் நியாயம் என்பதில் இன்றைக்கும் இரண்டு அணி உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் தன் வாழ்நாள் பற்றான காவியத்தை, அதை எரிக்க வேண்டும் என்ற கட்சிக்காரரின் எதிரில் வந்து நின்று, மாணவர்கள் முன்னிலையில் காத்துப் பேசினார். அதைத்தான் எண்ணி எண்ணி வியக்கிறேன். இன்று ஒரே கருத்து உடைய நாலு பேரை மேடையேற்றிவிட்டுக் கருத்தரங்கம் என்கிறோம்.

ஜூலை 26

பதிவு செய்வதற்கு நான் எதிரி என்று ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். இல்லவே இல்லை. கட்டாயம் பதிவு செய்யுங்கள், கேள்வி நேரத்தோடு சேர்த்து. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1967-68இல் ஹார்வர்டில் கவிதை பற்றி நார்ட்டன் உரைகள் ஆற்றினார். அநேகமாகப் பார்வை போய்விட்ட நிலை, கையில் குறிப்பு இல்லை, எல்லாம் நினைவிலிருந்து. அந்த ஒலிநாடாக்கள் நூலகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் கிடந்து, 2000இல்தான் புத்தகமாயின. பதிவு இருந்ததால் கிடைத்தது. எத்தனை வளாகங்களில் எத்தனை பேரின் குரல் காற்றோடு போனதோ.

ஆனால் யூடியூபில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். கணக்கை வைத்திருந்தவர் மாறுவார், கடவுச்சொல் தொலையும். நூலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். பேசியவர் பெயர், தலைப்பு, தேதி, இடம் நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். கேள்வி கேட்பவருக்கும் ஒலிவாங்கி கொடுங்கள், இல்லாவிட்டால் பதில் மட்டும் பதிவாகி, எதற்குப் பதில் என்றே பின்னால் வருபவர்களுக்குத் தெரியாது.

ஜூலை 30

தம்பி போய்வந்திருக்கிறார். கட்டடக்கலை வரலாறு பற்றிய உரையாம். பாதி பிடித்ததாம், கேள்வி கேட்க வாய் வரவில்லையாம். அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறார்.

தலைப்பைப் பாருங்கள். "இன்றைய சூழலில் இலக்கியத்தின் பங்கு" மாதிரி அகலமான தலைப்பு என்றால் யோசியுங்கள். ஒரே ஒரு கல்வெட்டு, ஒரே ஒரு வழக்கு, ஒரே ஒரு ராகம் என்று குறுகிய தலைப்பாக இருந்தால் துணிந்து போங்கள், அவரிடம் சொல்வதற்கு நிச்சயம் ஏதோ இருக்கிறது. முந்தின நாள் அவர் எழுதியது ஏதாவது இரண்டு பக்கம் படித்துவிட்டுப் போங்கள். உரையின் நடுவே உங்களுக்குப் புரியாமல் போன இடத்தை அந்தக் கணமே குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடம்தான் உங்கள் கேள்வி, வேறு எங்கும் தேட வேண்டாம். கூட்டத்தில் எழுந்து கேட்கத் தயக்கமாக இருந்தால், முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் போய்க் கேளுங்கள். நீங்கள் இயந்திரவியல் படிப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தூணும் வளைவும் எப்படிப் பாரம் தாங்குகின்றன என்று கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் வந்து கேட்டால், கட்டடக்கலை வரலாற்றுக்காரர் உங்களை லேசில் விடமாட்டார். பேருந்தைத் தவறவிடத் தயாராகப் போங்கள்.